மடக்குச் சீற்

அஜக்ஸ் ஸ்ரேசனிலிருந்து வரும் காலை ரயில் சனம் நெரிய ஓடுகிறது. சக்கர நாற்காலிக்கென்று விட்ட இடத்தில் இரண்டு மடக்குச் சீற்றுகள். ஒன்றில் றெமிஜியஸ் இருக்கிறார். மற்றதில் அவருடைய சாப்பாட்டுப் பை. அழுத்தம் விட்டால் சீற் தானாக மேலே எழும்பிவிடும் என்பதால், பைமேல் உள்ளங்கையை ஊன்றியிருக்கிறார். துர்க்கா இருக்கும் சக்கர நாற்காலி கதவடியில், ஆட்களின் முழங்கால்களுக்கு நடுவே நிற்கிறது. “அங்கிள், ரெண்டு சீற்றையும் மடிச்சாத்தான் எனக்கு இடம்.” “பொறு பிள்ளை, மகள் ரூஜ் ஸ்ரேசனில ஏறுவா. அவவுக்கு ஏழு மாதம்.” “எனக்குக் கதிரை வழுக்குது அங்கிள்.” அவர் யன்னல் பக்கம் திரும்புகிறார். வெயில் பட்ட ஏரி கண்ணைக் குத்துகிறது. ரயில் திடீரென்று பிரேக் பிடிக்கிறது. நாற்காலி கதவை நோக்கிச் சறுக்குகிறது. றெமிஜியஸ் பாய்ந்தெழும்பி அதன் பிடியைப் பற்றுகிறார். முதுகுக்குப் பின்னால் டப், டப்பென்று இரண்டு சீற்றுகளும் மடிகின்றன. பை தரையில் விழுகிறது. நாற்காலியை அந்த இடத்துக்குள் தள்ளிவிடுகிறார். ரூஜில் கதவு திறக்கிறது. வயிற்றைத் தாங்கியபடி ஸ்டெபனி ஏறுகிறாள். “அப்பா, சீற் பிடிச்சு வச்சிருக்கிறியளோ?” அவர் எதிரேயுள்ள மெத்தைச் சீற்றுகளைப் பார்க்கிறார். அங்கே எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் போனுக்குள் குனிகின்றன.