மாற்ற வரும் ஆள்

குமரேசன் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் மேல்தட்டில் நின்று கப்பல் போகிற வழியைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. அடுத்த ஆபீசர் வந்து, "நான் பாத்துக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்லாமல் அவன் அந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. கப்பலில் அதுதான் சட்டம்.

லீவில் வேங்கிக்கால் வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் அவனை விடாது. சாப்பிட்டதும் மொட்டை மாடிக்குப் போய் எதிரே தெரியும் மலையைப் பார்த்து நின்றுவிடுவான். நாலு மணிக்கு அவன் மனைவி வினோதினி காபியோடு ஏறிப் போய், "நான் பாத்துக்கறேன், நீங்க எறங்குங்க" என்று சொன்னால்தான் சிரித்துக்கொண்டே இறங்குவான்.

தொண்ணூற்றாறில் அவனுடைய கப்பல் மூழ்கியது. ஒருத்தரும் கிடைக்கவில்லை.

அடுத்த சித்திரையில் அவள் மாடியில் வேர்க்கடலை காயப்போட்டாள். நாலு மணிக்கு அள்ளப் போனபோது, வெயில் சூட்டில் கால் வைக்க முடியாத அந்தத் தரையில் ஈரமாக இரண்டு பாதத் தடம் மலையைப் பார்த்து இருந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. மறுநாளும் அதே இடத்தில் இருந்தது.

அவள் அண்ணன் வேணு வந்து பார்த்தான். "அந்த வார்த்தைய சொல்லிடும்மா. பாவம், எவ்ளோ நேரம்தான் நிப்பாரு?" என்றான்.

"சொன்னா எறங்கிப் போயிடுவாருண்ணா."

அன்றைக்கும் நாலு மணிக்குக் காபியோடு ஏறினாள். தடத்துக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்தாள்.

"உங்கள மாத்தற ஆள் இன்னும் வரலைங்க," என்றாள்.