சகராவ்

சகராவ் என்றால் மேலே இருப்பவரை எதிர்த்து நிற்பது. பரீட்சைக்காக நூறு முறை எழுதிய இந்த ஜப்பானியச் சொல்லை மொழிபெயர்ப்பாளர் சுகன்யா தொழிற்சாலையில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தொழிலாளிகளின் கோபம் அவள் வாய்வழியே மன்னிப்பாகத்தான் ஜப்பானிய இயக்குநரைப் போய்ச்சேரும். இன்று எதிரில் குமுதா நின்றாள். தோழியின் விரல் மெஷினில் சிக்கியபோது, ஆபத்தென்றால் யாரும் இழுக்கலாம் என்று எழுதியிருந்த கயிற்றை, சூப்பர்வைசர் தடுத்தும் கேளாமல் இழுத்து லைனை நிறுத்தியவள். இனி இழுக்கமாட்டாள்தானே என்றார் இயக்குநர். சுகன்யா அதைத் தமிழில் கேட்டாள்.

"இழுப்பேன்னு சொல்லுங்க மேடம்."

மன்னிப்புக்கான சொல் நுனிநாக்குக்கு வந்துவிட்டது. சுகன்யா அதை விழுங்கினாள்.

"சகராவ்" என்றாள்.

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "எதிர்ப்பது யார்?" என்றார், சுகன்யாவையே பார்த்தபடி.

அந்தக் கேள்வியை மட்டும் சுகன்யா தமிழில் சொல்லவில்லை.