நாற்பத்திரண்டு வீட்டுத் தெரு

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா தம்பி? நடந்து நடந்து முட்டி விட்டுப்போச்சு” என்றபடி வாசலோர இரும்புக் கூண்டில் சாய்ந்து உட்கார்ந்தாள் அந்த அம்மா. உள்ளேயிருந்த இரண்டு கோழிகள் கத்தின. அவள் கழுத்தில் மின்சார ஆபீஸ் அட்டை தொங்குவதை ஃபொலாரின் பார்த்தான்.

தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தான். மேல்தட்டில் மகளின் சர்க்கரை ஊசி மருந்து ஜில்லென்று இருந்தது. லாகோஸ் மின்வெட்டும் ஓட்டை ஜெனரேட்டரும் சேர்ந்து மருந்தை இரண்டு தடவை கெடுத்து, தாயில்லாப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்புறம்தான் அவன் மின்சார ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் புகுந்தான்.

புகுவது சுலபம். தினமும் தடத்தை அழித்துவிட்டு வருவதில்தான் மனுஷன் பாதியாகிவிட்டான். தன் வீட்டுக்கு மட்டும் என்றால் மாட்டிக்கொள்வோமே என்று, தெரு முழுவதற்கும் மின்வெட்டை நீக்கியிருந்தான். நாலு மாதமாக நாற்பத்திரண்டு வீட்டிலும் விளக்கு அணையவில்லை.

“என்ன விஷயமா வந்தீங்க மேடம்?”

“எவனோ எங்க கம்ப்யூட்டர்ல பூந்து விளையாடுறான். பலே கில்லாடி. ஒரு துப்பு கிடைக்கல. இந்தத் தெருக்காரன்னு மட்டும் தெரியுது. அதான் வீடு வீடா ஏறி இறங்குறேன்.”

“பிடிச்சா?”

“ஜெயில்தான். வேறென்ன?”

அவன் உள்ளே போய்விட்டால் பிள்ளைக்கு யார் ஊசி போடுவார்கள்? நினைக்கவே பயமாக இருந்தது. “யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று மெல்லக் கேட்டான்.

“எங்க சொல்றாங்க! என் மூஞ்சிக்கு நேராவே சிரிக்கிறாங்க. ‘உங்க கரண்டை எவன் நம்புவான்? இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போகும்’கறாங்க. நாலு மாசமா வேலையே இல்லாத ஜெனரேட்டரை இன்னும் துடைச்சு, எண்ணெய் போட்டு, வாசல்ல இரும்புக் கூண்டுக்குள்ள பூட்டி வச்சிருக்காங்கன்னா பாரேன். எனக்கும் அலுத்துப்போச்சு தம்பி. இதுதான் கடைசி வீடு.”

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஃபொலாரின் மூச்சு விட்டான். காலி டம்ளரைக் கை நீட்டி வாங்கிக்கொண்டான்.

அவள் முனகியபடி எழுந்து பாவாடையைத் தட்டினாள். கையில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. குனிந்து கூண்டையும் கோழிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“உன் ஜெனரேட்டர் எங்க தம்பி?”