நாலு டிகிரி

யுவராணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கம்ப்ரசர் அறைக்குள் நுழைந்தாள். சுவிட்சைத் திருப்பினாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

பானுமதி அந்தக் கேமரா பதிவை மூன்றாவது முறையாக ஓட்டிப் பார்த்தாள். கடத்தூர் சாலையில் இருந்த அந்தப் பால் குளிரூட்டும் நிலையத்துக்கு அவள்தான் மேலாளர். இந்த வாரத்தில் மட்டும் இரண்டு நாள் பால் கெட்டுப்போய், டேங்கர் லாரி ஏற்றாமலே திரும்பியிருந்தது. பால் ஊற்றும் முந்நூறு வீடுகளுக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

யுவராணியைக் கூப்பிட்டாள். "கம்ப்ரசரை எதுக்குத் தொட்ட?"

"நான் வேலைக்கு வரும்போதே அது ஓடலைங்க மேடம். டேங்கைத் தொட்டுப் பாத்தேன், சில்லுன்னே இல்ல. அதான் ஆட்டோவுல இருந்த சுவிட்சை மாத்திட்டு நானே ஓட வெச்சேனுங்க."

"பால் நாலு டிகிரிக்கு வந்துட்டா அது தானா நின்னுடும். மீட்டர்ல நாலுன்னுதான இருந்துச்சு?"

"மீட்டர்ல நாலுதாங்க இருந்துச்சு..."

பானுமதி நம்பவில்லை. யுவராணியின் தம்பி போன மாதம்தான் பாப்பாரப்பட்டியில் போட்டிப் பால் கம்பெனியில் சேர்ந்திருந்தான். வேலைநீக்கக் கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது.

இருந்தாலும் பேச்சுக்கு இடம் வைக்கக் கூடாது என்று டெக்னீஷியன் அறிவழகனை வரவழைத்தாள். திங்கட்கிழமை பழைய டயல் மீட்டரைக் கழற்றிவிட்டு, டேங்கின் ஆழத்துக்கு ஏற்ற சென்சாராகத் தேர்ந்தெடுத்துப் புது டிரான்ஸ்மிட்டரை மாட்டிக் கொடுத்தவர் அவர்தான். பாலின் வெப்பநிலையை அது அளந்து புது மீட்டரில் காட்டும். அதற்கேற்பக் கம்ப்ரசர் தானாக ஓடும், நிற்கும்.

வெப்பநிலைப் பதிவேட்டைப் பானுமதி அவரிடம் காட்டினாள். காலை 4.0. மதியம் 4.0. கறந்த சூட்டோடு பால் வந்து விழுந்த நேரத்திலும் 4.0.

அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூடினார். "மெஷின் பொய் சொல்லாதுங்க மேடம். ஆளுங்களைக் கவனிங்க."

பானுமதி கடிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். யுவராணி வாங்கவில்லை.

"அந்தப் புது மெஷினோட மூடியத் திறந்து ஒரு தடவை பாத்துடுங்கண்ணா. அப்பறம் கையெழுத்துப் போடறேன்."

அறிவழகன் சலித்துக்கொண்டே எழுந்தார். டேங்கின்மேல் ஏறி டிரான்ஸ்மிட்டரின் மூடியைத் திருகித் திறந்தார். சென்சாரின் ஒயர்கள் தனியாகத் தொங்கின. அவை இருக்க வேண்டிய இடத்தில் நெல்மணி அளவுக்கு ஏதோ ஒன்று முடுக்கப்பட்டிருந்தது.

பின்னாலேயே ஏறி வந்த பானுமதி எட்டிப் பார்த்தாள். "என்னது அது?"

"ரெசிஸ்டருங்க." அவர் குரல் இறங்கிவிட்டது. "இது இருந்தா, பால் எவ்வளவு சூடா இருந்தாலும் மீட்டர் நாலுதான் காட்டும்."

பானுமதிக்கு முகம் சிவந்தது. "அப்ப வேணும்னே பண்ணியிருக்கா! இதுக்கு இந்தக் கடிதம் பத்தாது." காவல் நிலைய எண்ணைத் தேடிப் போனை எடுத்தாள். கீழே நின்ற யுவராணி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அறிவழகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"போனை வெச்சிருங்க மேடம். டெஸ்ட் பண்ண நான் மாட்டினது... கழட்ட மறந்துட்டேனுங்க."