குழியில் விழும் குள்ளன்

உடுமலையில் மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டு அன்னூர் திரும்பிய தம்பிதுரைக்கு மனசு ஒப்பவில்லை. மகள் வர்ஷினி பையனைப் போட்டோவில் மட்டும்தானே பார்த்திருக்கிறாள், ஆசை வளர்வதற்குள் வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

“ஏனுங்க, பையன்கிட்ட என்ன குறை?” என்றாள் மனைவி நாச்சியம்மாள்.

“இருபத்தெட்டு வயசுல டிவியில வீடியோ கேம் ஆடறான். அதுவும் எண்பத்தெட்டுல மாமன் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்த செட்டாமா. எட்டு வருசமா உட முடியலீன்னா, வேற என்னென்ன பழக்கம் இருக்குமோ!”

“நீங்க ஆடிப் பாத்தீங்களா?”

“சும்மா உடுவானா? பொம்மையெல்லாம் கட்டங்கட்டமாத் தெரியுது. ஆனாலும் ஒரு மணி நேரம் எந்திரிக்க முடியலை போ. அந்தக் குள்ளன் குதிக்கவே மாட்டேங்கறான். ஒவ்வொரு வாட்டியும் அதே குழியில உழுந்துபோட்டான். எனக்கு ஆடத் தெரியலீன்னு பையன் சிரிக்கறான்.”

காபி கொண்டுவந்த வர்ஷினிக்குப் பொறுக்கவில்லை.

“உங்க தப்பில்லீங்கப்பா. அவிய செட்டுல அந்தச் சிவப்பு பட்டன் சிக்கிக்கும். ஓரமா அழுத்துனாத்தான் குதிக்கும்.”

தம்பிதுரை டம்ளரை வாங்காமல் மகளையே பார்த்தார்.

“ஏங் கண்ணு, நீ எப்ப உடுமலைக்குப் போனே?”