ஒரே ஆள்

டார்வின் கிளைக்கு மாறிப்போயிருந்த நோரா, ஹோபார்ட் அலுவலகத்தில் கணினிகளைக் கவனிக்கும் டங்கனை ஃபோனில் அழைத்தாள்.

"என் பழைய ஃபைல் எதுவும் திறக்க மாட்டேங்குது."

"எப்படித் திறக்கும்? கம்ப்யூட்டருக்கு உன் மூஞ்சியா தெரியும்? லாகின் பேருதான் அதுக்கு ஆளு. சில்வியாங்கிற பேரை நோரான்னு மாத்திக்க நீ என்ன சினிமாவுலயா சேர்ந்துட்ட?"

டங்கன் விசைப்பலகையில் தட்டினான்.

"இந்தா, சில்வியாவையும் நோராவையும் ஒரே ஆளாக்கிட்டேன். பழைய ஃபைல் எல்லாத்துலயும் இனிமே நோரா, டார்வின் கிளைன்னுதான் வரும்."

"யாருக்கு?"

"திறக்கிற எல்லாருக்கும்தான். நம்ம ஆபீஸ் பிரெட்கூட இப்பதான் உன் பழைய ஃபைலைத் திறந்துட்டு, 'யாருப்பா இந்த நோரா?'ன்னு கேட்டான்."

"ஐயோ டங்கன்! அவன்கிட்டயிருந்து தப்பிக்கத்தான் பேரையே மாத்தினேன்."

டங்கன் திரும்பிப் பார்த்தான். பக்கத்து மேசையில் பிரெட், டார்வினுக்கு விமான டிக்கெட் தேடிக்கொண்டிருந்தான்.