மகாவித்துவானின் செம்பு

நாடே பாடும் கீர்த்தனைகளை இயற்றிய ஒரு மகாவித்துவானின் வீட்டை நினைவில்லமாக்கியிருந்தார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய எழுத்தாணிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது.

"இதை ஏந்தி வீடு வீடாக அரிசி வாங்கித்தான் அவர் பசியாறினார்" என்று வழிகாட்டி தர்மலிங்கம் சொல்லும்போதெல்லாம், பார்க்க வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஒருநாள், ஆராய்ச்சிக்கு வந்த மங்கையர்க்கரசி அந்த வீட்டுப் பெட்டகத்தில் பழைய பத்திரம் ஒன்றைக் கண்டெடுத்தாள். வித்துவானுக்கு எட்டு வேலி நன்செய் நிலம், ஐம்பது ஏக்கருக்கு மேல், இருந்ததாம். "ஐயோ, என் கதை முடிந்தது!" என்றது செம்பு.

"உண்மைதானே? வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்த செம்புதானே நீ?" என்றது எழுத்தாணி.

"உனக்கென்னப்பா, நீ பாட்டு எழுதினவன். மோர்ச் செம்பை எவன் பெட்டியில் வைப்பான்? பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிடுவார்கள்."

அன்று முழுவதும் வாசற்கதவு கிறீச்சிடும்போதெல்லாம், பாத்திரக்காரன்தான் வந்துவிட்டான் என்று அது நடுங்கியது.

மறுநாள் மங்கையர்க்கரசி கூட்டத்துக்கு முன்னால் பத்திரத்தைப் படித்துக் காட்டினாள். எல்லோரும் தர்மலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தர்மலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆமாம்மா. அந்த எட்டு வேலியையும் தானமாகக் கொடுத்துவிட்டுத்தான் இந்தச் செம்பை ஏந்தினார்!"

கூட்டம் முன்னைவிட அதிகமாக அழுதது. செம்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மங்கையர்க்கரசி மட்டும் அழவில்லை. "எந்த வருஷம் கொடுத்தார்?" என்று கேட்டுக்கொண்டே நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.